கண்டத்திட்டுன்னா என்ன? அதை ஏன் "கடல் எல்லை"ன்னு சொல்லக்கூடாது?

நியூஸ்ல கான்டினென்டல் ஷெல்ஃப்னு அடிபடுதே, அதுக்கு நம்ம பாடப்புத்தகத்துல கண்டத்திட்டுன்னு இருக்கும், இலங்கையில கண்டமேடைன்னு படிப்பாங்க. கண்டம் கரையோட முடிஞ்சிடாது, தண்ணிக்குள்ளயும் மெல்ல சரிஞ்சுக்கிட்டே கொஞ்ச தூரம் போகும், அந்த ஆழம் கம்மியான தரைதான் இது, அதுக்கு அப்புறம் மளமளன்னு இறங்குறது கண்டச்சரிவு. ஷெல்ஃப்னா பலகைத் தட்டு, ஆனா தமிழ்ல திட்டுன்னு வச்சாங்க பாருங்க, ரொம்ப பொருத்தம். கொள்ளிடத்துல முதலைமேடு திட்டுன்னு சொல்ற அதே திட்டுதான், சுத்தி இருக்கிறதை விட மேடான இடம்.

1945 செப்டம்பர் 28ல அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், எங்க கரையை ஒட்டின கண்டத்திட்டுல இருக்கிற வளம் எங்களுதுன்னு அறிவிச்சாரு, அதுல இருந்து இது சட்டச் சொல்லாவும் ஆயிடுச்சு. அங்கதான் குழப்பம். 1982 கடல் சட்ட ஒப்பந்தப்படி, நிஜத் திட்டு 50 கடல் மைல்லயே முடிஞ்சாலும் சட்டத்துல 200 கடல் மைல் உண்டு. நிலத்தோட தொடர்ச்சி அதையும் தாண்டிப் போகுதுன்னா இன்னும் கேக்கலாம், பொதுவா 350 வரைக்கும். ஆனா நிரூபிக்கணும். சரிவோட அடிவாரம் எங்க, அங்கிருந்து வண்டல் எவ்வளவு தடிமன்னு கப்பல் விட்டு சர்வே பண்ணி, 21 பேர் இருக்கிற ஐநா கமிஷன்கிட்ட குடுக்கணும்.

ஏழை நாடு கப்பலுக்கு எங்க போகும்? முதல்ல சேர்ந்த நாடுகளுக்கு 2009 மே 13 கெடு வேற. அதுக்காகத்தான் 2000ல ஐநா ஒரு நிதி ஆரம்பிச்சது, நார்வேயில இருக்கிற கிரிட்-ஆரென்டல் மையம் ஏற்கனவே எடுத்து வச்சிருந்த சர்வே டேட்டாவை தேடிக் குடுத்து, அதை வச்சு வேலை செய்ய அந்தந்த நாட்டு ஆளுங்களுக்கு பயிற்சியும் குடுத்துச்சு. இது தர்மம் இல்லைங்க, சட்டம் குடுத்த உரிமையை காசு இல்லாததால இழக்க விடக்கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்ப பிடிச்சது மொரீஷியஸ், செஷல்ஸ் கதை. இந்தியப் பெருங்கடலுக்கு அடியில ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கிற மஸ்கரீன் பீடபூமி யாருக்குன்னு சண்டை போடாம 2008ல ரெண்டு பேரும் சேர்ந்தே மனு போட்டாங்க, 2011ல கமிஷன் ஒத்துக்கிச்சு, சுமார் 3,96,000 சதுர கிமீ தரை, 2012ல கூட்டா நிர்வகிக்க ஒப்பந்தமும் போட்டாச்சு. இலங்கைக்கு தனி விதியே இருக்கு. வங்காள விரிகுடாவுல கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டாந்து கொட்டின வண்டல் அவ்வளவு தடிமன், பொது ஃபார்முலாவை போட்டா இலங்கைக்கு சேர வேண்டிய தரையில பாதிக்கு மேல கைவிட்டுப் போயிடும், அதனால வண்டல் 1 கிமீ தடிமன் இருக்கிற வரைக்கும் கேக்கலாம்னு எழுதி வாங்கினாங்க. 2009 மே 8ல, கெடுவுக்கு அஞ்சு நாள் முன்னாடி மனுவும் குடுத்துட்டாங்க.

இப்ப சொல்லுக்கு வருவோம். இதை "கடல் எல்லை விரிவு"ன்னு எழுதுனா தப்பு. 200 கடல் மைலுக்கு அப்பால தண்ணி எல்லாருக்கும் பொது, அதுல நீந்துற சூரை மீனை யாரும் பிடிக்கலாம், தரையும் அதுக்கு அடியில இருக்கிற எண்ணெயும் தாதுவும் தரையோட ஒட்டி வாழுற உயிரினமும்தான் அந்த நாட்டுக்கு. அதனால புவியியலுக்கு கண்டத்திட்டு, 200ஐ தாண்டினதுக்கு நீட்டித்த கண்டத்திட்டு, பேச்சுவழக்குல சுருக்கமா சொல்லணும்னா கடலடி எல்லைன்னு எழுதுங்க, அந்த "அடி"யை மட்டும் விட்டுடாதீங்க.