உதட்டுக்குள் நிறையும் பட்டாணி

களியக்காவிளை வாசகி ஒருவரின் 12 வயது மகனுக்குக் கீழுதட்டின் உட்புறத்தில் பட்டாணி அளவில் வலியில்லாத கட்டி ஒன்று வந்து, உடைந்து, மூன்றே வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் எழும்பியிருக்கிறது. முறுக்கான் (வெற்றிலை பாக்கு) இடித்துக்கொண்டே, ஊசியால் குத்திவிடு என்கிறாராம் மாமியார். குத்தலாமா என்று கேட்கிறார்.

குத்தக் கூடாது. நாம் பாடத்தில் படித்த மூன்று இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தவிர, உதடு, கன்னம், அண்ணம் எங்கும் 600 முதல் 1,000 வரை சிறு சுரப்பிகள் இருக்கின்றன. கீழுதட்டை மடித்து, ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுக் கண்ணாடியில் உற்றுப் பாருங்கள். சற்று நேரத்தில் முத்து முத்தாகத் துளிகள் அரும்பும். ஒவ்வொன்றும் ஒரு சுரப்பிக் குழாயின் வாயிலில் நிற்கும் துளி. சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டால் அந்த நுண்குழாய் அறுபடலாம். சுரப்பியோ சுரப்பதை நிறுத்துவதில்லை. வாய்க்குள் வர வேண்டிய வழவழப்பான நீர் சவ்வுக்கு அடியில் கசிந்து தேங்குகிறது. இடம் மாறிய தன் எச்சிலையே அந்நியப் பொருளாக எண்ணி, உடல் அதைச் சுற்றி மெல்லிய திசுச் சுவர் ஒன்றை எழுப்புகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத இடம் இதுதான். இளநீலமாகத் தெரியும் இக்கட்டிக்கு மியூகோசீல் என்று பெயர். குத்தினால் நீர்தான் வெளியேறும். சுரப்பி அங்கேயே இருப்பதால் மீண்டும் நிறையும், கூடவே கிருமியும் புகும். அதனால்தான் மருத்துவர் உதட்டை மரக்கச் செய்து, கட்டியோடு அந்தச் சுரப்பியையும் எடுத்துவிடுகிறார்.

ஈறில் வரும் சீழ்க்கொப்புளத்துக்குப் பெரும்பாலும் பல்லின் வேரே காரணம். அண்ணத்தின் நடுவில் ஆண்டுக்கணக்கில் மாறாதிருக்கும் கல் போன்ற மேடு, பெரும்பாலும் தீங்கற்ற எலும்பு வளர்ச்சி.

ஆனால் நாக்கின் ஓரத்திலோ கன்னத்திலோ கெட்டியான தடிப்பு, ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. புகையிலை சேர்க்காத முறுக்கான் கெடுதல் இல்லை என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது.

எல்லைக்கு அப்பால், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் மக்களின் வாயை வெறும் கண்ணால் பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது. விலையுயர்ந்த கருவிகளுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கை இந்தப் பணிக்குத் தந்தால் குமரி மாவட்டத்திலும் பல உயிர்கள் தப்பும் என்பது என் உறுதியான எண்ணம்.

மகனைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாளில், அந்த வாசகி தம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.