ஒரு நொடி நெருப்பு, மீதியெல்லாம் காற்று

எஸ்டிஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா 3 என்ற ராக்கெட் கிட்டை ஒட்டி முடித்துக் கையில் எடுத்தால் 34 கிராம்தான் இருக்கும். நீளம் 31 சென்டிமீட்டர், குறுக்களவு இரண்டரை சென்டிமீட்டர். காகிதக் குழாய் ஒன்று, பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு ஒன்று, ஒரே வார்ப்பாக வரும் பிளாஸ்டிக் துடுப்புகள், 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பாராசூட். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலில் பறக்கவிடும் ராக்கெட்டுகளில் இதுவும் ஒன்று. உள்ளே சென்சாரோ பேட்டரியோ கிடையாது. ஆனாலும் நேராக மேலே போகும், உச்சியை எட்டும் நேரத்தில் தானாகப் பாராசூட்டை விரிக்கும், மெதுவாகக் கீழே வரும்.

இதை நடத்துவது 7 சென்டிமீட்டர் நீளமும் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள ஒரு காகித எஞ்சின். கெட்டியாகச் சுற்றிய அட்டைக் குழாய்க்குள் நான்கு சரக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கியிருப்பார்கள். அடியில் நடுவே துளையுள்ள களிமண் அடைப்பு, அதுதான் நாசில், வாயு வெளியேறும் வாய். அதற்கு மேல் உந்துமருந்து. அது வேறொன்றுமில்லை, வெடியுப்பும் கரித்தூளும் கந்தகமும் சேர்ந்த பழைய கருமருந்துதான். அதற்கு மேல், உந்துவிசை தராமல் புகையை மட்டும் கக்கி மெதுவாக எரியும் தாமத மருந்து. எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம் தளர்வான கருமருந்து. அதை மெல்லிய களிமண் மூடி பிடித்துவைத்திருக்கும். கீழிருந்து பற்றவைத்தால் நெருப்பு வரிசைப்படி மேலே ஏறும். ராக்கெட்டின் கடிகாரம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த வரிசைதான்.

எஞ்சின் மேல் அச்சிட்டிருக்கும் ஏ8-3 போன்ற எழுத்துகளும் இதையேதான் சொல்கின்றன. முதல் எழுத்து மொத்தக் கணத்தாக்கு, அதாவது விசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கிய அளவு. ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி, பி என்றால் 5, சி என்றால் 10. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகிறது. அடுத்துள்ள 8, சராசரி உந்துவிசை பெயரளவில் 8 நியூட்டன் என்பதைக் குறிக்கும். கடைசி 3, உந்துமருந்து தீர்ந்ததிலிருந்து பாராசூட் வெளியே தள்ளப்படும்வரை உள்ள 3 நொடி தாமதம்.

இந்த எஞ்சினைக் கடையில் வாங்கியே ஆக வேண்டும், வீட்டில் செய்யக்கூடாது என்று எல்லோரும் படித்துப் படித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருமருந்து எரியும் வேகத்தைவிட, எவ்வளவு பரப்பு ஒரே நேரத்தில் எரிகிறது என்பதுதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. இறுக்கி அழுத்திய மருந்து அடிமுகத்தில் மட்டும் எரிந்து மேலே ஏறும்போது வாயு சீராக வரும். அதே மருந்தில் ஒரு விரிசல் விழுந்திருந்தால் நெருப்பு விரிசலுக்குள் புகுந்துவிடும், எரியும் பரப்பு சட்டென்று பெருகும், நாசில் துளையால் அவ்வளவு வாயுவை வெளியேற்ற முடியாது, குழாய் வெடிக்கும். கீழே விழுந்த எஞ்சினையும், வெயிலில் நின்ற காரில் காய்ந்து இரவில் குளிர்ந்து கிடந்த எஞ்சினையும் பயன்படுத்தாதே என்பதும் இதனால்தான்.

1950களில் அமெரிக்கச் சிறுவர்கள் சொந்தமாக மருந்து கலந்து கையைப் பொசுக்கிக்கொண்டது நிறையவே நடந்தது. நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலும் அவருடைய சகோதரர் ராபர்ட்டும் 1954-ல், மாற்றக்கூடிய எஞ்சினும் பாராசூட்டும் கொண்ட சிறிய காகித ராக்கெட்டைச் செய்தார்கள். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் 1957-ல் ராக்கெட் பாதுகாப்பைப் பற்றி எழுதியதைப் பார்த்துவிட்டு, ஆர்வில் தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். அடுத்த சிக்கல், ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கில் எஞ்சின் செய்வது. அதைத் தீர்த்தவர் வெர்ன் எஸ்டிஸ். 'மேபெல்' என்று அவர் பெயர் வைத்த இயந்திரம் ஐந்தரை நொடிக்கு ஓர் எஞ்சினை அழுத்தித் தள்ளியது. என்னைக் கேட்டால், இந்தப் பொழுதுபோக்கு உயிர்பிழைத்ததற்கு ராக்கெட்டைவிட இந்த இயந்திரமே பெரிய காரணம்.

சரி, ஒட்டுவதற்கு வருவோம். காகிதத்தோடு காகிதம் சேரும் இடங்களுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். அது நாருக்குள் ஊறிக் காய்வதால் குழாயைவிட ஒட்டிய இடம் உறுதியாக இருக்கும். ஆனால் எஞ்சின் உட்காரும் உள்குழாயைப் பெரிய குழாய்க்குள் செருகும்போது நடுவில் நிறுத்தினால் பசை அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும். பால்சா மரத் துடுப்புள்ள கிட் என்றால், மரத்தின் நார் துடுப்பின் முன்விளிம்போடு ஓடும்படி வெட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையில் படும்போது முறிந்துவிடும்.

ஏவுகிற இடத்தில் 90 சென்டிமீட்டர் நீளக் கம்பி ஒன்று நேராக நிற்கும். ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டிய சிறு குழல் அந்தக் கம்பியில் வழுக்கி ஏறும். துடுப்புகள் வேலை செய்ய வேண்டுமானால் அவற்றின்மேல் காற்று வேகமாக ஓட வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அந்தக் காற்று இல்லை. நொடிக்கு 13 மீட்டர் அளவுக்கு வேகம் வரும்வரை கம்பிதான் பிடித்து வழிநடத்துகிறது. நொடியில் ஆறில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது. பற்றவைப்பது மின்சாரத்தால், ஆள் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லை என்றால் பற்றவைக்கும் பெட்டியிலிருந்து சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் கிட்டே போகலாம்.

கம்பியை விட்ட பிறகு ராக்கெட்டை நேராக வைத்திருப்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். ஒன்று ஈர்ப்பு மையம். ராக்கெட் திரும்பினால் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். மற்றது அழுத்த மையம். பக்கவாட்டில் காற்று தள்ளும் விசையெல்லாம் கூடி நிற்கும் புள்ளி. துடுப்புகள் வாலில் இருப்பதால் அழுத்த மையம் பின்னால் போகிறது. ராக்கெட் கொஞ்சம் சாய்ந்தால் காற்று வாலைத் தள்ளி மறுபடி நேராக்கிவிடும். அழுத்த மையம் முன்னால் இருந்தாலோ அதே காற்று சாய்வை இன்னும் அதிகமாக்கும். ராக்கெட் குட்டிக்கரணம் போடும். தீபாவளி ராக்கெட்டின் நீளக் குச்சி செய்வதும் இதே வேலைதான்; குச்சி உடைந்த ராக்கெட் யார் வீட்டுக்குள் போகும் என்று யாருக்கும் தெரியாது.

எஞ்சினை மேலே வைத்து இழுத்தால் நேராகப் போகும் என்று பலருக்கும் தோன்றும். 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸின் ஆபர்னில் ராபர்ட் கோடார்ட் ஏவிய முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டிலும் எஞ்சின் மேலேதான் இருந்தது. அது இரண்டரை நொடி பறந்தது, 12 மீட்டர் சொச்சம் ஏறியது. ராக்கெட் சாயும்போது உந்துவிசையின் திசையும் கூடவே சாய்கிறது. அதனால் எங்கிருந்து இழுத்தாலும் தள்ளினாலும் அந்த விசை சாய்வைத் திருத்தாது. திருத்துவது துடுப்பில் படும் காற்று.

இரண்டு மையங்களுக்கும் நடுவே குறைந்தது ராக்கெட்டின் குறுக்களவு அளவாவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. ஆல்ஃபாவுக்கு அது 25 மில்லிமீட்டர். அழுத்த மையத்தைக் கணக்கிட நாசாவின் ஜேம்ஸ் பாரோமன் 1966-ல் எளிய சூத்திரங்களைத் தந்தார். அதற்கு முன்பு ராக்கெட்டின் நிழலுருவை அட்டையில் வெட்டி, அது எங்கே சமநிலையில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சூத்திரம் வேண்டாம் என்றால் எஞ்சினைச் செருகி, ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் பார்த்துக்கொண்டே சுற்றினால் பறக்கவிடலாம். எஞ்சின் இல்லாமல் சோதித்தால் பயனில்லை; பின்பாரம் கூடினால் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்துவிடும்.

ஏ8 எஞ்சின் முக்கால் நொடிக்குள் எரிந்து முடிகிறது. அதற்குள் ராக்கெட் மணிக்கு 140 கிலோமீட்டர் அளவு வேகத்தைத் தொட்டுவிடும். அதுவரை ஏறியது பதினைந்து மீட்டர் போல. மீதி ஏற்றம் முழுக்க, கிடைத்த வேகத்தில் சும்மா போவதுதான். அந்த நேரம்தான் தாமத மருந்து புகைவிட்டபடி எரியும். உச்சியில் வேகம் மிகவும் குறைந்திருக்கும்போது மேலுள்ள கருமருந்து பற்றி, வாயு முன்பக்கமாகப் பாய்ந்து மூக்குக் கூம்பைத் தள்ளும். பாராசூட் வெளியே வரும். சூட்டில் பாராசூட் உருகிப்போகாமல் நடுவில் தீப்பிடிக்காத காகிதத்தைக் கசக்கி வைப்பார்கள். தாமதம் நீண்டுவிட்டால் ராக்கெட் தலைகீழாக வேகம் பிடித்த பிறகு பாராசூட் விரியும், கயிறு அறுந்துபோகும்.

சி6-5 போட்டால் என்ன ஆகும்? காற்றே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆல்ஃபா ஒரு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். உண்மையில் 300 மீட்டரைச் சுற்றித்தான் ஏறும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. கூடுதல் சக்தியில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடுகிறது. அந்த உயரத்திலிருந்து பாராசூட்டில் இறங்கும்போது இலேசான காற்றும் பக்கத்து ஊர் வரை கொண்டுபோகும். முதல் பறப்புக்கு ஏ8-3 போதும். நூறு மீட்டருக்குள் ஏறும், கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும்.

எவ்வளவு ஏறியது என்று பார்க்க, ஏவும் இடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒருவர் கோணமானியோடு நிற்க வேண்டும். அதில் நூலில் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டால் போதும். ராக்கெட் உச்சியில் இருக்கும்போது அதைக் குறிபார்த்து, கோணம் 40 பாகை என்று வந்தால், அதன் டேன் மதிப்பு 0.84, அதை 100 மீட்டரால் பெருக்கினால் உயரம் 84 மீட்டர். காற்று அடிக்கும் நாளில் ராக்கெட் காற்று வரும் பக்கமாகவே சாய்ந்து ஏறும். அளப்பவர் காற்றுக்குக் குறுக்கே பக்கவாட்டில் நின்றால் இந்தக் கணக்கில் பிழை குறையும்.