வாடிய ஆந்தூரியத்துக்குத் தண்ணீர் ஊற்றும் முன் வேரைப் பாருங்கள்

சிவப்புப் பூவுக்காக வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் ஆந்தூரியச் செடி சோர்ந்துபோனதும் அதை என்னிடம் எடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: "தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன், அப்படியும் வாடுகிறது." தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்தால் காரணம் தெரிந்துவிடும். வெளிறி, கெட்டியாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகிக் கொழகொழத்திருக்கும். விரலால் லேசாக உருவினால் மேல்தோல் உறைபோல் கழன்று, நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் தவிக்கிறது. இலை தொங்குவதைப் பார்த்து நாம் இன்னொரு செம்பு ஊற்றுகிறோம்.

இதில் வளர்ப்பவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. செடி என்றால் மண், மண் என்றால் ஈரம் என்றுதான் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆந்தூரியம் அந்தப் பழக்கத்துக்கு வெளியே உள்ள செடி. நாம் வளர்க்கும் சிவப்புப் பூ வகைகளின் முன்னோடியான ஆந்தூரியம் ஆண்ட்ரியானம், கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் மழைக்காடுகளைச் சேர்ந்தது. 1876-இல் கொலம்பியாவில் அதைச் சேகரித்த பிரெஞ்சுத் தாவர ஆய்வாளர் எட்வார்ட் ஆந்த்ரேயின் பெயரைத்தான் அது சுமக்கிறது. இந்த இனத்தில் பல வகைகள் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்பவை. மழை வேரை நனைத்துவிட்டு ஓடிவிடும். பிறகு காற்று வந்து உலர்த்தும். தண்ணீருக்கு இணையாகக் காற்றும் கேட்கிற வேர் அது.

அதனால் தோட்டத்து மண்ணை மறந்துவிடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டுகள், மரப்பட்டைத் துண்டுகள், கொஞ்சம் கரித்துண்டு, கொஞ்சம் பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்கள்) என்று கரடுமுரடான கலவையே இதற்குச் சரி. மட்டைத் துண்டுகளை ஓரிரு முறை தண்ணீரில் ஊறவைத்து அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கிவிடும். பொடியான நார்க்கழிவை மட்டும் போட்டு நிரப்பினால் சில மாதங்களில் அது அமுங்கி, மண்ணைப் போலவே காற்றை அடைத்துவிடும். தொட்டியும் வேர்ப்பந்தைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். அழகுக்காக ஓட்டையில்லாத வெளித்தொட்டியில் இறக்கி வைக்கிறோமே, அதன் அடியில் தண்ணீர் தேங்கிச் செத்த செடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீருக்குக் கிழமை குறிக்காதீர்கள். விரலைக் கலவைக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நுழைத்துப் பாருங்கள். அங்கே உலர்ந்திருந்தால், அடி ஓட்டை வழியாக வழியும்வரை நன்றாக ஊற்றி, வடியவிட்டு வையுங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம், "பூக்கவே மாட்டேன் என்கிறது" என்ற கேள்வி. நாம் பூ என்று சொல்லும் அந்தச் சிவப்பு, உண்மையில் பூவல்ல. தென்னம்பாளை எப்படிப் பூங்கொத்தை மூடியிருக்கிறதோ, அதுபோல இதுவும் ஒரு பாளை, உருமாறிய இலை. நடுவில் வால்போல நீளும் தண்டில் நெருக்கமாகப் பதிந்திருக்கும் புள்ளிகள்தான் நிஜப் பூக்கள். வளர்ந்த செடியில் ஒவ்வொரு புது இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு உருவாகும். ஆக, இலை நன்றாக வந்தால்தான் பூ. வெளிச்சம் போதாவிட்டால் இலை வரும், மொட்டு கக்கத்திலேயே கருகிப்போகும். பூக்காத செடிக்கு உரம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, செடி எந்த ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான். ஜன்னலுக்கு அருகே, நேர்வெயில் மேலே விழாத இடம் வேண்டும். கையை நீட்டினால் மங்கலான நிழல் விழ வேண்டும். நேர்வெயில் பட்டால் இலை வெளுத்துத் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும்.

உரத்தில் கை இறுகலாகவே இருக்கட்டும். பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கைக் கரைத்து, வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும். கலவையின் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிடுங்கள்.

ஒரு நோயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இலை ஓரத்தில் நீர் கோத்ததுபோல் புள்ளிகள் தோன்றி, மஞ்சள் விளிம்போடு பழுப்பாகப் பரவினால், அது சாந்தோமோனாஸ் பாக்டீரியாவின் கருகல் நோயாக இருக்கலாம். 1980-களில் ஹவாய்த் தீவுகளின் ஆந்தூரியம் பண்ணைகளைச் சீரழித்தது இதுதான். தண்டுக்குள் இறங்கிவிட்டால் மருந்து கிடையாது. அந்தச் செடியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள், இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், வெட்டிய கத்தியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். நோய் உறுதியானால், மனம் கேட்காவிட்டாலும் அப்புறப்படுத்தத்தான் வேண்டும்.

வீட்டில் தவழும் குழந்தையோ, நாயோ, பூனையோ இருந்தால் இந்தச் செடியை எட்டாத உயரத்தில் வையுங்கள். சேம்பும் கருணையும் இதே குடும்பம்தான். கை அரிக்க வைக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். வாயைத் துடைத்துத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். விழுங்கச் சிரமப்பட்டாலோ மூச்சு திணறினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். தொட்டி மாற்றும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.