கடைசியாகக் குடித்தது எப்போது என்று யாருக்குத் தெரியும்?

குடிநோய்ச் சிகிச்சைக்கு ஒருவரைச் சேர்க்கும்போது, கடைசியாகக் குடித்தது எப்போது என்பதைத்தான் முதலில் கேட்கிறோம். நெடுநாள் அளவுமீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள், இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும் சன்னிநிலை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவர், கூடவே வாழ்பவர்.

புதுச்சேரியில் மனநல சமூகப் பணியாளராக நான் சந்தித்த ஒரு குடும்பத்தில் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்), இரண்டு பெண்கள் இணையராக வாழ்ந்து, மூத்தவருக்கு முன்பு நடந்த திருமணத்தில் பிறந்த, ஆட்டிசம் உள்ள மகனை வளர்த்து வந்தார்கள். குடிநோய்க்கு ஆளானவர் மூத்தவர். கடலூரிலிருந்து வந்த அவருடைய அண்ணன் படிவத்தில் கையெழுத்திட்டார். தங்கை குடிப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டதற்கு "ஃப்ரெண்டுங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் ஒதுங்கி நின்ற இணையரிடம்தான், ராத்திரி ஒரு குவார்ட்டர், விடியற்காலையில் கை நடுங்கியபோது இன்னும் இரண்டு மடக்கு என்ற முழுக் கணக்கும் இருந்தது.

மூத்தவருக்கு ஏடிஎச்டி (கவனம் சிதறுவதும் பரபரப்பும் மிகுந்த நரம்பு வளர்ச்சி வேறுபாடு) இருப்பது நாற்பதை நெருங்கிய வயதில்தான் கண்டறியப்பட்டது. ஏடிஎச்டி உள்ளவர்கள் போதைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஓயாத மனத்தை அடக்க மதுவையே மருந்தாக்கிக்கொள்வோர் உண்டு. இவர்கள் மாத்திரையை மறப்பதையும் ஆலோசனைக்குத் தாமதித்து வருவதையும் திமிர் என்று எடுத்துக்கொள்வது பெரும் அநியாயம். மகனின் தவிப்பு வேறு விதம். "அம்மா சீக்கிரம் வந்துடுவாங்க" என்ற ஆறுதல் அவனை மேலும் வதைத்தது. பார்க்கப் போகும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டுக் காட்டிய பிறகே சாப்பிட உட்கார்ந்தான்.

"குடியை நிறுத்தினால் இந்தப் பழக்கமும் போய்விடும்" என்று உறவினர்கள் சொல்லும்போது நான் உடனே மறுத்துவிடுகிறேன். தன்பாலீர்ப்பு குடிநோயின் அறிகுறி அன்று. அதை 'மாற்றும்' சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை விதித்திருக்கிறது.

இணையர்கள் அவசியம் அறிய வேண்டியது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. வயது வந்த எவரும் தமக்கான நியமனப் பிரதிநிதியாக, அதாவது மனநலச் சிகிச்சை முடிவுகளில் தமக்குத் துணைநிற்பவராக, சம்மதிக்கும் இன்னொருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். இரத்த உறவோ திருமண உறவோ தேவையில்லை. எழுதிவைக்காவிட்டால் சட்டத்தின் வரிசையில் உறவினர் முன்னும், பராமரிப்பவர் பின்னும் வருகிறார்கள். ஆகவே தெளிவாக இருக்கும் ஒரு நாளிலேயே எழுதி, இருவரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.