டிரெய்லரில் ஏறிய கணினி

அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவுக்காக அந்நாட்டுத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் கட்டிய டிசியாக், 1954 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. இடம்பெயரும் கணினிகளில் முன்னோடி அது. எடை சுமார் 18 டன்! 900 வெற்றிடக் குழாய்கள், 24,500 டயோடுகள், எல்லாம் டிரெய்லருக்குள்.

அதன் நினைவகம் பாதரசம். பாதரசம் நிரப்பிய குழாயின் ஒரு முனையில் உள்ள குவார்ட்ஸ் படிகம், மின்துடிப்பை ஒலியாக மாற்றிப் பாதரசத்துக்குள் அனுப்பும். மறுமுனைப் படிகம் அதை மீண்டும் மின்துடிப்பாக்கும். அதைப் பெருக்கி, பழையபடி முதல் முனைக்கே அனுப்பினால் தகவல் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதரசத்தில் அரை மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 350 மைக்ரோவிநாடி ஆகும். வேண்டிய எண் சுற்றி வரும்வரை கணினி காத்திருக்கத்தான் வேண்டும். வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறிவிடும் என்பது இன்னொரு தலைவலி. இவ்வளவு பாடுபட்டுச் சேமித்தது 512 'சொற்கள்', அதாவது 45 பிட் கொண்ட தகவல் துண்டுகள். மூன்று கிலோபைட்டுக்கும் குறைவு.

என்னைக் கேட்டால், டிசியாக்கின் பெருமை சக்கரத்தில் இல்லை. கணக்கை முடித்துவிட்டு விடை சொன்னால் போதும் என்பது ஆய்வக வழக்கம். களத்திலோ வெளிக்கருவிகள் எந்த நொடியிலும் தகவல் அனுப்பலாம். அதற்காகக் காத்திருந்தால் நேரம் வீண். கவனிக்காமல் விட்டால் தகவல் போச்சு. டிசியாக்கில் அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது என்று காட்டும் எண்ணிகள் இரண்டு இருந்தன. வெளியிலிருந்து சமிக்ஞை வந்ததும் கணினி முதல் எண்ணியை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதற்குத் தாவும். அவசர வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பும். இன்று 'இன்டரப்ட்' எனப்படும் உத்தியின் மிகப் பழைய வடிவங்களில் இது ஒன்று. உங்கள் கைபேசி, விரல் பட்டதும் திரும்பிப் பார்ப்பதும் இந்த உத்தியால்தான்.

பிறகு வெற்றிடக் குழாய்க்குப் பதில் டிரான்சிஸ்டர் வந்தது, உருவம் சுருங்கியது. 1959 இறுதியில் சில்வேனியா நிறுவனத்தின் மொபிடிக், அதுவும் டிரெய்லரில்தான், நியூ ஜெர்சியின் மான்மவுத் கோட்டைக்குப் போனது. அடுத்து வந்த ஃபேடாக் என்ற பீரங்கிப் படைக் கணினியை ஆட்கள் சேர்ந்து தூக்கலாம். மின்சாரத்துக்குத் தனி ஜெனரேட்டர் மட்டும் கூடவே வரவேண்டும். இலக்கின் இடம், காற்று, வெடிமருந்தின் வெப்பநிலை ஆகியவற்றைக் கொடுத்தால், பீரங்கியை எந்தத் திசையில், எவ்வளவு உயர்த்திச் சுட வேண்டும் என்று சொல்லும். வியட்நாம் போரில் பயன்பட்டது. ஆனாலும் பீரங்கிப் படையினர் வரைபடத்தையும் சுடுகை அட்டவணையையும் கைவிடவில்லை. கையால் போட்ட கணக்கோடு இயந்திரத்தின் விடையை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.