கலப்பு நீதிமன்றம்: எது எதோடு கலக்கிறது?

லத்தீனில் 'ஹிப்ரிடா' என்றால் வீட்டுப் பெண்பன்றிக்கும் காட்டு ஆண்பன்றிக்கும் பிறந்த குட்டி. ரோமானியத் தந்தைக்கும் அயல்நாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளையையும் அப்படி அழைத்தார்கள். அதிலிருந்து வந்த 'ஹைபிரிட்' என்ற ஆங்கிலச் சொல் நெடுங்காலம் செடிகொடிகளுக்கும் கால்நடைகளுக்குமே வழங்கியது. போரிலிருந்து மீளும் நாட்டில் உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் ஒரே அமர்வில் உட்கார்ந்து போர்க்குற்றங்களை விசாரிக்கும் மன்றத்துக்கு அது பெயரானது 2000ஐ ஒட்டித்தான். கிழக்குத் திமோர், கொசோவோ, பிறகு சியரா லியோன், கம்போடியா என்று அந்த வரிசை நீண்டது.

கூடவே வரும் 'ட்ரிபியூனல்' என்ற சொல்லும் லத்தீன்தான். வழக்குத் தீர்ப்பவர் இருக்கை போட்டு அமர்ந்த மேடைக்கு அந்தப் பெயர். தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் ஊன்றிவிட்டன. ஒன்று தீர்ப்பாயம். தீர்ப்போடு ஆயம் சேர்ந்தது. சங்கப் பாடல்களில் தலைவியைச் சூழ்ந்த தோழியர் கூட்டம் ஆயம். அழகான ஆக்கம். மற்றது, காவிரி வழக்கால் எல்லோருக்கும் பழகிப்போன நடுவர் மன்றம். ஆனால் பசுமைத் தீர்ப்பாயமோ, நதிநீர் நடுவர் மன்றமோ யாரையும் ஆயுள் சிறைக்கு அனுப்புவதில்லை. கொலைக்கும் சித்திரவதைக்கும் தண்டனை விதிக்கும் அவையை நீதிமன்றம் என்றே சொல்ல வேண்டும். சியரா லியோனில் இயங்கியதன் அதிகாரப்பூர்வப் பெயரும் 'சிறப்பு நீதிமன்றம்' என்பதுதான்.

அடைமொழியில்தான் கவனம் தேவை. 'கலப்பின' என்று எழுதத் தோன்றும், எழுதக் கூடாது. கலப்பின மாட்டில் இரண்டு இனங்கள் கரைந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. இந்த மன்றங்களில் அப்படி எதுவும் கரைவதில்லை. உள்நாட்டு நீதிபதி உள்நாட்டவராகவே வாக்களிக்கிறார், அயலவர் அயலவராகவே. கலப்புத் திருமணம் என்கிறோமே, அந்தக் கலப்புதான் இது. கலப்பு நீதிமன்றம் என்பதே சரி.

கலப்பது நீதிபதிகள் மட்டுமல்ல. வழக்குத் தொடுநர், சட்டம், பணம், சில வேளை இடமும் கலக்கும். ஆனால் ஒரு மன்றத்தின் தன்மையைத் தீர்மானிப்பது இரண்டு கேள்விகள்: பெரும்பான்மை யாருக்கு? அது எந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறது?

சியரா லியோன் மன்றம் ஐ.நா.வும் அந்நாட்டு அரசும் 2002 ஜனவரியில் செய்த ஒப்பந்தத்தின் மேல் நின்றது. விசாரணை அமர்வில் மூவர்: ஒருவரை அரசும் இருவரை ஐ.நா. பொதுச்செயலாளரும் நியமித்தார்கள். மேல்முறையீட்டில் ஐவர்: அரசு நியமித்தவர் இருவர், ஐ.நா. நியமித்தவர் மூவர். உள்நாட்டுச் சட்டமும் மன்றத்தின் சாசனத்தில் இடம்பெற்றது. தீவைப்புக்கு 1861ஆம் ஆண்டுச் சட்டம், சிறுமியர் மீதான கொடுமைக்கு 1926ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அவற்றின்கீழ் ஒரு குற்றச்சாட்டுகூடத் தொடுக்கப்படவில்லை. காகிதத்தில் கலந்தது வழக்கில் கலக்கவில்லை.

ஒப்பந்தத்தின் மேல் நிற்பதில் ஒரு பலவீனம் உண்டு. ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். சியரா லியோன் கிளர்ச்சியாளர்களுக்கு உதவியதாகக் குற்றம்சாட்டப்பட்ட, அண்டை நாடான லைபீரியாவின் அதிபர் சார்லஸ் டெய்லர் 2003 ஜூனில் கானாவின் அக்ரா நகரில் அமைதிப் பேச்சுக்குப் போயிருந்தபோது அவர்மீதான பிடியாணை வெளியிடப்பட்டது. கானா அவரைக் கைது செய்யவில்லை. அவர் ஊர் திரும்பினார். ஐ.நா. பாதுகாப்பு அவை நிறுவிய யூகோஸ்லாவிய, ருவாண்டா நீதிமன்றங்களுக்கு எல்லா நாடுகளும் ஒத்துழைக்கக் கடமைப்பட்டிருந்தன; இந்த மன்றத்துக்கு அந்தப் பலம் இல்லை. டெய்லர் 2006இல்தான் பிடிபட்டார். 2012இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

கம்போடியாவில் கணக்கு தலைகீழ். மன்றம் உள்நாட்டு நீதித்துறைக்குள்ளேயே அமைந்தது. விசாரணை அமர்வில் கம்போடியர் மூவர், அயலவர் இருவர். ஆனால் ஐவரில் நால்வர் இசைந்தால்தான் தீர்ப்பு. அதாவது, உள்நாட்டவர் மூவரும் ஒரே பக்கம் நின்றாலும் அயலவர் ஒருவரின் இசைவு வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பதற்கு இது நல்ல காப்பு. வழக்கைத் தொடங்கும் கட்டத்திலோ இதே கணக்கு முட்டுக்கட்டையானது. அங்கே உள்நாட்டவர் ஒருவரும் அயலவர் ஒருவருமாகப் புலனாய்வு நீதிபதிகள் இருவர். 1970களில் கம்போடியாவை ஆண்டு படுகொலைகள் செய்த கெமர் ரூஜ் இயக்கத்தின் இடைநிலைத் தலைவர்கள் மீதான 003, 004 என்ற எண்ணுள்ள வழக்குகளில் இவர்கள் எதிரெதிர் முடிவெடுத்தார்கள். ஒருவர் தள்ளுபடி என்றார், மற்றவர் விசாரணைக்கு அனுப்பினார். தீர்த்துவைக்க வேண்டிய முன்விசாரணை அமர்விலும் நான்கு வாக்கு சேரவில்லை. வழக்குகள் விசாரணை மேடை ஏறாமலே முடிந்தன. 2006 முதல் 2022 வரை 30 கோடி டாலருக்கு மேல் செலவான மன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் மூவரே. குடும்பத்தைப் பறிகொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அந்த வாக்குக் கணக்கு எவ்வளவு பெரிய இழப்பு!

தமிழில் இச்சொல் பரவியது இலங்கையை ஒட்டி. 2015 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் அந்நாட்டுப் போர்க்குற்றங்களை விசாரிக்கக் கலப்புச் சிறப்பு நீதிமன்றம் ஒன்றைப் பரிந்துரைத்தது. 'உள்ளகப் பொறிமுறை' (உள்நாட்டு விசாரணை ஏற்பாடு), 'சர்வதேச விசாரணை' என்ற சொற்களோடு 'கலப்புப் பொறிமுறை'யும் செய்திகளில் சேர்ந்தது. ஆனால் அக்டோபர் 1 அன்று ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் நிறைவேறிய 30/1 தீர்மானத்தில் 'கலப்பு' என்ற சொல்லே கிடையாது. இலங்கையின் நீதிப் பொறிமுறையில் காமன்வெல்த் நாட்டு நீதிபதிகளும் பிற வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்பது முக்கியம் என்றுதான் அது சொன்னது. எத்தனை பேர், நியமிப்பது யார், தீர்ப்புக்கு எத்தனை வாக்கு என்ற எதுவும் அதில் இல்லை.