டாக்கோமீட்டர்: வேகமானி என்று எழுதலாமா?

பழைய கார்களின் முகப்புப் பலகையில் இரண்டு பெரிய வட்டங்கள் அருகருகே இருக்கும். ஒன்று வண்டி ஓடும் வேகத்தைக் காட்டும். மற்றொன்று எஞ்சினின் கிராங்க் தண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும். அந்த இரண்டாவது கருவிதான் டாக்கோமீட்டர். நம் பட்டறைகளில் 'ஆர்.பி.எம். மீட்டர்' என்பார்கள்.

கிரேக்க மொழியில் 'டாக்கோஸ்' என்றால் வேகம், 'மெட்ரோன்' என்றால் அளவு. இதயம் வேகமாகத் துடிப்பதைக் குறிக்கும் டாக்கிகார்டியாவும் இதே வேரில் பிறந்த சொல்தான். கருவி காரைவிட மூத்தது. இயந்திரங்களின் சுழல்வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டருக்காக ஆங்கிலேயப் பொறியாளர் பிரையன் டான்கின் 1810-இல் தங்கப் பதக்கம் பெற்றார்.

வேரை மட்டும் பார்த்து 'வேகமானி' என்று மொழிபெயர்த்தால் அங்கேதான் தவறு நேர்கிறது. வேகமானி என்பது ஸ்பீடோமீட்டருக்கு நிலைத்துவிட்ட பெயர். பிரிட்டனில் இதை 'ரெவ் கவுண்டர்' என்பதால் 'சுழற்சி எண்ணி' என்றும் சொல்லத் தோன்றும். ஆனால் இது சுழற்சிகளைக் கூட்டிக்கொண்டே போவதில்லை. இந்த நொடியில் எந்த வீதத்தில் சுழல்கிறது என்பதையே காட்டுகிறது. 'சுற்றளவி' என்றால் சுற்றளவு நினைவுக்கு வரும். 'சுழல்வேகமானி' பொருளில் சரியானது. 'மானி' வடமொழி வழி வந்தது என்பதால் தனித்தமிழ் விரும்புவோர் 'சுழல்வேக அளவி' என்று எழுதலாம். என் தேர்வு அதுவே.

பெயர் தெளிவாக இருந்தால் பழுது பார்ப்பவருக்கும் வழி தெளியும். 1960-களின் நடுவில் வந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் காரை எடுத்துக்கொள்வோம். அதில் இருந்த ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மின்னணு டாக்கோமீட்டர் சக்கரத்தையோ கியர்ப் பெட்டியையோ பார்ப்பதில்லை. எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் பற்றவைப்புச் சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தின் துடிப்புகளைத்தான் உணர்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 100 துடிப்புகள்.

முள் அசையவில்லையா? வண்டி ஓடுகிறது, வேகமானியும் வேலை செய்கிறது என்றால், முதலில் கருவிக்கு 12 வோல்ட் வருகிறதா, காரின் உடலோடு சேரும் 'எர்த்' இணைப்பில் துரு இல்லையா என்று பாருங்கள். அடுத்து, சுருளுக்குப் போகும் வெள்ளைக் கம்பி கருவியின் பின்புறமுள்ள வளையம் வழியாகவே போகிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது இடையில் புதுக் கம்பி போட்டு வளையத்தைத் தவிர்த்திருந்தால் துடிப்பு கருவியை எட்டாது. கம்பி வளையத்தில் எதிர்த்திசையில் நுழைந்திருந்தாலும் முள் எழாது. 1967 வரை இந்தக் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் எதிர்முனைக்கு மாற்றியவர்கள் கருவிக்குள்ளும் கம்பிகளை மாற்றியாக வேண்டும். மறந்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் கெட்டுவிடக்கூடும்.

சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்டுகளை எடுத்துவிட்டு மின்னணுப் பற்றவைப்புப் பொருத்திய கார்களில் துடிப்பின் வடிவமே மாறிவிடுகிறது. முள் துள்ளும், அல்லது படுத்தே கிடக்கும். அப்போது பழைய முகப்பையும் முள்ளையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே புதிய மின்சுற்றுப் பலகை மட்டும் பொருத்துவார்கள். பொருத்தியபின், சரியாகக் காட்டும் வேறொரு கருவியை எஞ்சினில் இணைத்து, 1000, 2000, 3000 என்று மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூடுவார்கள்.